கடலுக்கடியில் கிடப்பதை எடுக்கலாமா? கடலடித் தொல்லியல் கேள்வி பதில்

பூம்புகார், மாமல்லபுரம், இலங்கையின் கொடவாய ஆகிய இடங்களில் நடந்த கடலடி ஆய்வுகளைப் பற்றியும் கடல்தரையில் வாழும் உயிர்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கல்லூரி மாணவர், திருச்சி: பூம்புகார் கடலுக்கடியில் 11,000 ஆண்டுப் பழைமையான நகரம் கிடக்கிறது என்கிறார்களே, உண்மையா?

தேசிய கடலியல் நிறுவனமும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் 1991இல் நடத்திய ஆய்வின்போது, கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு காணப்பட்டது. உறைபனிக் காலத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; பனி உருக உருகக் கடல் ஏறியது. 23 மீட்டர் ஆழத்திலுள்ள தரை எப்போது நனைந்திருக்கும் என்று இதிலிருந்து கணக்கிட்டு, அந்த வயதை அமைப்பின்மேல் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கணக்குத் தரைக்குப் பொருந்தலாம். தரைமேல் இருப்பது மனிதர் கட்டியதா, இயற்கைப் பாறையா என்பது முடிவாகாதபோது அதற்கு வயது சொல்வது அவசரம்.

கையில் உறுதியாக உள்ள சான்றுகளே எனக்குச் சுவையானவை. 1960களில் பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் செங்கல் படகுத்துறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கு நட்டிருந்த மரத்தூண் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கரிமக் கணிப்புக் காட்டியது. பூம்புகார், வாணகிரிக் கரைகளில் அலை ஏறி இறங்கும் இடத்திலேயே சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டிருக்கின்றன. நல்ல தண்ணீருக்காக ஊருக்குள் தோண்டிய கிணற்றின் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே நிற்க, சுற்றியிருந்த மண்ணை மட்டும் அலை அரித்துப் போயிருக்கிறது. இந்திரவிழா நின்றதால் கடல் பட்டினத்தைக் கொண்டது என்கிறது மணிமேகலை. கரையில் தெரிவதோ ஒரே இரவில் நேர்ந்த அழிவன்று. தலைமுறை தலைமுறையாக நடந்த அரிப்பு.

இல்லத்தரசி, செங்கல்பட்டு: 2004 ஆழிப்பேரலையின்போது மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியதும் கோயில்கள் தெரிந்தனவாமே?

அலை வடிந்தபின் மணல் நீங்கிச் சில சிற்பங்கள் வெளிப்பட்டது உண்மை. அதற்கு முன்பே, 2002இல், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப் பகுதிகளும் வெட்டிய கற்களும் பதிவு செய்யப்பட்டிருந்தன. ‘ஏழு கோயில்கள்’ என்ற எண்ணிக்கை பயணிகளின் வாய்வழி வந்தது. அதை ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டாம்.

மீனவர், தரங்கம்பாடி: வலையில் பழைய பானை, கல் நங்கூரம் சிக்கினால் என்ன செய்வது? சொன்னால் அந்த இடத்தில் தொழில் செய்ய விடமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஐயா, உங்கள் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். தகவல் தந்தவரின் பிழைப்பைப் பாதுகாப்பது ஆய்வாளரின் கடமையாக இருக்க வேண்டும். பேச வேண்டிய முதல் செய்தியும் அதுதான். இலங்கையின் கொடவாய அருகே கடலடியில் கிடக்கும் பழைய கப்பலை 2003இல் உலகுக்குக் காட்டியவர்கள் சங்கு குளிப்பவர்களே.

பொருள் ஏறியவுடன் இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொள்ளுங்கள், கருவி இல்லையென்றால் கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் நேர்படுத்திப் பார்க்கும் உங்கள் வழக்கமே போதும். பொருளைக் கடல்நீரிலேயே வையுங்கள், வெயிலில் காய விடாதீர்கள். பானையின் நுண்துளைகளுக்குள் புகுந்த உப்பு, காயும்போது படிகமாகிப் பருத்து ஓட்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டவும் வேண்டாம். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். 100 ஆண்டு கடந்த பொருள்களை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் காக்கிறது. அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலிலிருந்து ஈயக்கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. கப்பல் 1792க்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. அதே கட்டி எடைக்குப் போய் உருகியிருந்தால் மீன்வலைக் குண்டாகியிருக்கும்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்: கொடவாய கப்பலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? எல்லாவற்றையும் மேலே எடுத்துவிட்டால் என்ன?

இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கப்பற்சிதைவுகளுள் அது ஒன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அம்பாந்தோட்டைக்கு அருகே, 30 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில், கண்ணாடிக் கட்டிகளும் உலோகக் கட்டிகளும் மட்பாண்டங்களும் கிடக்கின்றன. மீன், ஸ்ரீவத்சம் முதலிய மங்கலக் குறிகள் பொறித்த, கால்களுடைய அரைகல் ஒன்றும் அங்கிருந்து கிடைத்தது.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றுக் கலனோடு இறங்குபவர், இடைநிறுத்தங்கள் (உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேற வழியில் நின்று நின்று ஏறுவது) இல்லாமல் ஏற வேண்டுமானால், ஏறத்தாழ 20 நிமிடமே தங்கலாம். ஆகவே ஒவ்வொரு பொருளும் எந்தப் பொருளுக்கு அருகே, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று வரைவதற்கே பருவங்கள் ஆகின்றன. அந்த வரைபடம் இல்லாமல் எடுத்த கட்டி, எந்தச் சரக்கோடு வந்தது என்று சொல்லாது. கடலடிப் பண்பாட்டுச் செல்வங்களுக்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும் இருந்த இடத்திலேயே பேணுவதை முதல் வழியாகக் கருதச் சொல்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஆவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலில் கண்டெடுத்தவற்றைப் பேணிய கரையோர ஆய்வுக்கூடத்தை 2004 ஆழிப்பேரலை அழித்துவிட்டது. மேலே எடுத்துவிட்டால் பத்திரம் என்பது எப்போதும் மெய்யாவதில்லை.

பொறியாளர், கோவை: மரக்கப்பல் இத்தனை நூற்றாண்டு எப்படித் தாங்கும்?

பெரும்பாலும் தாங்குவதில்லை. கப்பல்புழு எனப்படுவது உண்மையில் புழுவன்று. சிப்பி, மட்டி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. மிகச் சிறிய தன் ஓடுகளை அரம்போல் தேய்த்து மரத்தைக் குடைகிறது. நம் வெப்பக் கடலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புதைந்த பகுதியே பிழைக்கும். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பல் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்ததற்கு, அங்குள்ள பால்டிக் நீரில் உப்புக் குறைவு, ஆகவே கப்பல்புழு வாழவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

கடல் உயிரியல் மாணவி, தூத்துக்குடி: நீங்கள் தோண்டும்போது பவளமும் கடல் அட்டையும் அழியாதா?

அழியும் என்பதால்தான் தோண்டுவதைக் கடைசிக்கு வைக்கிறோம். முதலில் ஒலியலைக் கருவியால் தரையைப் படமெடுப்போம். பிறகு காந்தமானியால் இரும்பைத் தேடுவோம். அதன் பிறகே முக்குளிப்பவர் இறங்குவார். பவளமும் கடல் அட்டையும் வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்காவில் பழைய பொருள் தேடுகிறேன் என்று பவளத்தைப் பெயர்க்க எவருக்கும் உரிமை இல்லை. தவிரவும் ஒட்டிய உயிர் எங்களுக்கே சான்று. ஒரு சாடியின் ஒரு பக்கம் மட்டும் சிப்பி படிந்து மறுபக்கம் சுத்தமாக இருந்தால், அது நெடுங்காலம் பாதி புதைந்து அசையாமல் கிடந்தது என்று பொருள்; உட்புறத்திலும் படிந்திருந்தால் வாய்ப்பகுதி திறந்தே இருந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் உடனிருந்தால் அது எந்த இனம், எந்த ஆழத்தில் வளர்வது என்பதும் தெரியும். தமிழகத்தில் இவ்விரு துறை மாணவர்களும் ஒரே படகில் ஏறுவது அரிதாக இருப்பது எனக்கு வருத்தமே.

பட்டதாரி, மதுரை: நீச்சல் தெரியாது. இத்துறையில் இடமுண்டா?

தாராளமாக. வரைதல், உப்பு நீக்குதல், பழைய கப்பல் ஆவணங்களைப் படித்தல் ஆகிய பெரும்பகுதி வேலைகள் கரையில்தான் நடக்கின்றன.

ஆசிரியர், சீர்காழி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டலாம்?

பூம்புகாரில் தொல்லியல் துறையின் கடலடி அகழாய்வு அருங்காட்சியகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போவதற்கு முன் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: மெருகிடாத மண்சட்டி ஓடுகள் இரண்டைக் கெட்டியான உப்புநீரில் சில வாரம் ஊறவையுங்கள். ஒன்றை எடுத்து நேரே வெயிலில் வையுங்கள்; மற்றதை நாள்தோறும் நீர் மாற்றிய நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நிழலில் உலர்த்துங்கள். முதல் ஓட்டில் வெள்ளையாகப் பூக்கும் உப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் அருங்காட்சியகத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.