எல்இடி வால் பேனல் லாக்குக்கு பேட்டன்ட் கேட்டா எக்ஸாமினர் ஏன் "இது ஈஸியா தோணக்கூடியது"ன்னு தள்றாரு?

உங்க லாக்ல புதுசு இருக்கலாம், ஆனா க்ளெய்ம்ல (எதுக்கு உரிமை கேக்கறோம்னு எழுதற பகுதி) அது வரல, பல கேஸ்ல இதான் நடக்குது. "பக்கத்து பேனலோட இணைக்கும் ஒரு லாக்கிங் பாகம்"னு பொதுவா எழுதினா அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ்ல அந்த வார்த்தைக்கு எவ்ளோ அகலமா நியாயமா அர்த்தம் எடுக்க முடியுமோ அவ்ளோ எடுப்பாங்க, அப்போ அலமாரி கதவு கேம் லாக் (சாவிய திருப்பினா உள்ள ஒரு தகடு சுத்தி பூட்டறது) கூட அதுக்குள்ள வந்துடும்.

ஒரே பழைய டாக்குமென்ட்ல எல்லாமே இருந்தா, புதுசு இல்லன்னு அமெரிக்க பேட்டன்ட் சட்டம் செக்ஷன் 102ல தள்ளுவாங்க. ரெண்டு டாக்குமென்ட்டை ஈஸியா சேர்த்தா வருதுன்னா, ஈஸியா தோணக்கூடியதுன்னு செக்ஷன் 103ல தள்ளுவாங்க. "அது அலமாரி, இது டிஸ்ப்ளே"ன்னு வாதாடறது பெரும்பாலும் எடுபடாது, தீர்க்கற பிரச்சனை ஒண்ணா இருந்தா வேற துறை டாக்குமென்ட்டையும் எடுக்கலாம். 2007ல கேஎஸ்ஆர் வழக்குல, அட்ஜஸ்ட் பண்ற கார் பெடல்ல சென்சார் வச்சதையே சாதாரண சேர்க்கைன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

அதனால உங்க லாக் நிஜமா என்ன செய்யுதுன்னு பாருங்க. உதாரணத்துக்கு, முன்பக்கத்துலேருந்து சாவிய விட்டு 90 டிகிரி திருப்பினா கொக்கி பக்கத்து பேனல் பின்னை இழுக்குது, சரி, ஆனா இழுக்கறதுக்கு முன்னாடியே கூம்பு வடிவ பின் குழில உக்காந்து ரெண்டு பேனலையும் நேர்படுத்துதுன்னா, அந்த வரிசைதான் விஷயம் (இல்லன்னா ஜாயின்ட்ல கோடு தெரியும்). அதை க்ளெய்ம்ல ஏத்துங்க. ஆனா ஃபைல் பண்ணப்பவே விளக்கத்துலயோ படத்துலயோ இருந்திருக்கணும், இப்போ புதுசா சேர்க்க விடமாட்டாங்க.

எக்ஸாமினர் தள்ளின கடிதத்துக்கு பதில் போட பொதுவா 3 மாசம், ஃபீஸ் கட்டினா 6 வரைக்கும் இழுக்கலாம்.