படுக்கையில் தொடங்கும் தும்மல்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. காலையில் கண் விழித்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முகிறான், மூக்கு அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இளைப்பும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்குச் சென்றபின் தொல்லை குறைந்துவிடுகிறது. தோல் பரிசோதனை செய்த மருத்துவர், வீட்டுத் தூசியில் வாழும் 'டஸ்ட் மைட்' ஒவ்வாமை என்றார். நாள்தோறும் இருவேளை வீட்டைப் பெருக்குகிறேன். அப்படியும் ஏன் குறையவில்லை? அவன் படுப்பது என் தாயார் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில்.
- வாசகி, தாம்பரம்

பதில்: வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவில்லையோ என்று தங்களையே நொந்துகொள்ளும் தாய்மார்களை அடிக்கடி சந்திக்கிறேன். அந்த வருத்தம் தங்களுக்கு வேண்டாம். மிகத் தூய்மையான வீட்டிலும் 'டஸ்ட் மைட்' எனும் இந்தத் தூசு உண்ணி வாழும். சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால்கள் கொண்ட இது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுடையது என்பதால் கண்ணுக்குப் புலப்படாது. மூட்டைப்பூச்சியைப் போலக் கடிப்பதுமில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே இதன் உணவு. இதன் எச்சத்திலும் இறந்த உடலின் துணுக்குகளிலும் உள்ள புரதங்கள் மூக்கினுள்ளும் மூச்சுக்குழாயிலும் படுவதே தும்மலுக்கும் இளைப்புக்கும் காரணம்.

தூசு உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொண்டே உயிர் வாழ்கிறது. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகிய ஆய்வாளர்கள் வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே காரணம் என்று கண்டறிந்தபோதே, ஈரம் மிகுந்த வீடுகளில் இவை பெருகியிருப்பதையும் கவனித்தார்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் இவை வறண்டு மடியும். சென்னையின் கடற்காற்றில், அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அந்த அளவுக்கு ஈரத்தைக் குறைப்பது எளிதன்று. ஆகவே வீடு முழுவதோடும் போராடாமல், மகன் இரவில் எட்டு மணி நேரம் முகம் புதைத்துக் கிடக்கும் படுக்கையை முதலில் கவனியுங்கள். தோல் துகள், வியர்வையின் ஈரம், உடலின் வெதுவெதுப்பு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அதுதான்.

பழைய இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் துவைக்க முடியாது. உள்ளே பல்லாண்டு எச்சம் தேங்கியிருக்கும். தாயாரின் நினைவாக வைத்திருக்கும் பொருளை அகற்றச் சொல்வது எனக்கும் மனக்கஷ்டமே. ஆயினும் மகனின் அறையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். புதிய மெத்தைக்கும் தலையணைக்கும், நெருக்கமாக நெய்யப்பட்டு ஜிப் வைத்து முழுவதும் மூடக்கூடிய ஒவ்வாமைத் தடுப்பு உறை போட்டு, அதன்மேல் பருத்தி விரிப்பை விரியுங்கள். விரிப்பு, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் எச்சத்தின் பெரும்பகுதி போய்விடும், உண்ணி சாகாது. இயந்திரத்தில் வெந்நீர் வசதி இல்லையெனில், கொதிநீரையும் குழாய் நீரையும் சம அளவில் கலந்து, குழந்தைகள் அருகில் வராதபடி பார்த்துக்கொண்டு, அதில் துணிகளை ஊறவைத்துப் பிறகு துவைக்கலாம்.

மொட்டை மாடியில் வெயிலில் போடும் நம் வழக்கம் நல்லதே. மெல்லிய போர்வைக்கும் கோரைப்பாய்க்கும் அது நன்றாகப் பயன்படும். தடித்த மெத்தையில் மேற்பரப்பு மட்டுமே சூடேறும். உண்ணிகள் உள்ளே இறங்கிவிடும். வெயிலில் இறந்தவையும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், மாடியிலேயே நன்றாக உதறிய பின்பே துணியைக் கீழே கொண்டுவர வேண்டும். உதறுபவர் மகனாக இருக்கக் கூடாது.

துடைப்பத்தால் பெருக்கும்போது தூசி எழுந்து பரவுகிறது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. எழுந்த எச்சத் துகள்கள் கனமானவை என்பதால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். அந்த நேரம் மகன் அறைக்கு வெளியே இருக்கட்டும். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி இதற்குப் பெரிதும் உதவாததற்கும் இதுவே காரணம். அந்தப் பணத்தை உறைகளுக்குச் செலவிடுங்கள். பஞ்சு பொம்மைகளைப் பாலித்தீன் பையிலிட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) இரண்டு நாள் வைத்தபின் துவையுங்கள். ஏர் கூலர் அறையின் ஈரத்தைக் கூட்டும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் செய்தால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

பதில்: மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். படுக்கையை மாற்றிய பின்பும் வீட்டில் தேங்கிய எச்சம் குறையப் பல மாதங்கள் ஆகும். தவிர, உண்ணியைக் கட்டுப்படுத்தும் முறைகளால் ஆஸ்துமா குறைவதற்குப் போதிய சான்று இல்லை என்றே பல மருத்துவ ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறியது. ஆனால் 2017-இல் இங்கிலாந்தில், இளைப்பு முற்றி மருத்துவமனைக்கு வந்த, உண்ணி ஒவ்வாமையுள்ள 284 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் மீண்டும் இளைப்பு முற்றி மருத்துவமனைக்கு வந்தோர் ஒவ்வாமைத் தடுப்பு உறை பயன்படுத்தியவர்களில் சுமார் 29 சதவீதமாகவும், சாதாரண உறை பெற்றவர்களில் சுமார் 42 சதவீதமாகவும் இருந்தனர். உறை ஓர் உதவி, மருந்துக்கு மாற்றாகாது.

கேள்வி: மாலையில் சாம்பிராணி போட்டால் இந்த உண்ணிகள் ஒழியுமா?

பதில்: ஒழியாது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளின் புகையும் இளைப்புள்ள குழந்தையின் மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலூட்டும். பூஜை வேளையில் போட விரும்பினால், மகன் படுக்கும் அறையின் கதவை மூடிவைத்து, புகை முழுவதும் வெளியேறிய பின்பே அவனை உள்ளே வரச் சொல்லுங்கள். கொசுவுக்கு வாரந்தோறும் துவைக்கக்கூடிய பருத்தி வலை போதும்.