மகன் மாதிரியா? அசல் எங்கே?

கேள்வி: எனக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள், வயது இருபது. ஆனால் அவள் எனக்கு மகன் மாதிரி. தண்ணி மோட்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான் பார்ப்பாள், தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். வருகிற மகள்கள் தினத்தில் அவளைப் பாராட்ட நினைக்கிறேன். கேக் வெட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? (ஒரு தந்தை, கோண்டாவில்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் ஒரு சொல் முள்ளாகக் குத்துகிறது. 'மாதிரி'.

புடவைக் கடையில் மாதிரித் துணி காட்டுவார்கள். பரீட்சைக்கு முன் மாதிரி வினாத்தாள் வரும். மாதிரித் துணியை யாரும் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதில்லை, மாதிரி வினாத்தாளுக்கு யாரும் பெறுபேறு வெளியிடுவதில்லை. அசல் வேறெங்கோ இருக்கிறது, இது அதற்கு அடையாளம் என்பதுதான் அந்தச் சொல்லின் வேலை. மோட்டரைத் திருத்தியது உங்கள் மகள். பாராட்டு போய்ச் சேர்ந்ததோ பிறக்காத ஒரு பையனுக்கு. அவன் எண்ணெய்க் கை கூடக் கழுவவில்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் லீவில் வந்து, காய்ச்சலில் கிடக்கிற தாய்க்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறான். "என்ரை பெடியன் எனக்கு மகள் மாதிரி" என்று எந்தத் தகப்பனாவது சந்தியில் நின்று பெருமைப்பட்டதுண்டா? சொன்னால் அடுத்த நாள் பெடியனே ஊரை விட்டுப் போய்விடுவான்.

இப்போது ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும்: "ஆசிரியரே, யாழ்ப்பாணத்தில் மகளை 'வா ராசா', 'சாப்பிடப்பன்' என்றுதானே கூப்பிடுகிறோம், அதுவும் பிழையா?" இல்லை. அது செல்லம். செல்லத்துக்கு இலக்கணம் கிடையாது. மகனைக் 'குஞ்சு' என்கிற அதே வாய்தான் மகளை 'அப்பன்' என்கிறது, கணக்குச் சரி. 'மகன் மாதிரி' செல்லம் இல்லை, தரச்சான்றிதழ்.

பழைய தமிழ் இந்த விஷயத்தில் நம்மை விடத் தெளிவாக இருந்தது. பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ பெரியவரையோ குழந்தையாக வைத்துப் பாடுவது. அதற்குப் பருவம் பத்து. காப்பு முதல் அம்புலி வரை முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் வேறு. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஒரு புலவராவது மீனாட்சியைப் பார்த்து "இவள் முருகன் மாதிரி" என்று பாடவில்லை. அம்மானை ஆடினால் அம்மானைக்குப் பாட்டு, ஊஞ்சல் ஆடினால் ஊஞ்சலுக்குப் பாட்டு. செய்ததற்குப் பாட்டு.

நமக்கோ செய்யாததற்குத்தான் பந்தல். சாமத்திய வீட்டில், அதாவது பெண்பிள்ளை பெரியவளான சடங்கில், அந்தப் பிள்ளை என்ன சாதித்தாள்? வளர்ந்தாள். பூசணியும் வளர்கிறது. நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி என்று தேறக் கொடுத்த பத்தியச் சாப்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது, அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். இப்போது மண்டப வாசலில் பன்னிரண்டடிக் கட்அவுட். ஐந்து சேலை மாற்றம். மேலே ட்ரோன். அது பிள்ளையின் உச்சி வகிட்டையும் சின்ன மாமாவின் வழுக்கையையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்து, பந்தல் துணியைச் சுற்றி, மாமரத்தில் சிக்கி, மாமா ஏணி தேடி ஓட, ஆலாத்தித் தட்டோடு பெண்கள் வெயிலில் நிற்க, இறுவட்டில் கடைசியாகக் கதாநாயகன் ட்ரோனாகிறது. பிள்ளை துணைப் பாத்திரம். அதே பிள்ளை நான்கு வருடம் கழித்துச் சாதாரண தரப் பரீட்சையில் எட்டு ஏ, ஒரு பி எடுத்து வந்தால் வீட்டில் கேட்கும் முதல் வசனம்: "அந்த பி எதிலை?"

சரி, பாராட்டும் வழியைக் கேட்டீர்கள். மோட்டரிலிருந்தே தொடங்குவோம்.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. தெரியாதவர் சுவிச்சைத் திரும்பத் திரும்பப் போடுவார். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் உள்ளே சீல் சூடேறிக் கருகும். பிறகு அச்சுப் பக்கத்தால் ஒழுகும். தெரிந்தவர் முதலில் சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றுவார். சூடு ஆறவிட்டு, மேல்மூடியைத் திறந்து, வாய் மட்டத்துக்குத் தண்ணீர் விடுவார். குமிழி வந்து அடங்கும் வரை விடவேண்டும். பிறகு சற்று நேரம் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். நின்றால் உள்ளே காற்றுத்தான் அடைத்திருந்தது. மூடியை இறுக்கிப் போட்டு ஓடவிடலாம். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற வால்வு தண்ணீரைப் பிடிக்கவில்லை. குப்பை சிக்கியிருக்கும், அல்லது வாசர் தேய்ந்திருக்கும். குழாயை இழுத்துத்தான் பார்க்கவேண்டும்.

உங்கள் மகள் இதைத்தான் செய்கிறாள் என்றால், "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "சுவிச்சை உடனே நிப்பாட்டினது நல்லது பிள்ளை, இல்லாட்டி சீல் எரிஞ்சிருக்கும்" என்று சொல்லுங்கள். செய்த காரியத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். அன்றைக்கே சொல்ல வேண்டும், செப்ரெம்பருக்குச் சேமித்து வைக்கக்கூடாது. வசனம் முடிந்ததும் வாயை மூட வேண்டும். நம் ஆட்கள் இடறி விழுவது அங்கேதான். "நல்லாச் செய்தாய், ஆனால்..." என்றதும் முன்பாதி அழிந்துவிடும், பிள்ளையின் காதில் 'ஆனால்' மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒப்பிட்டுப் புகழ்ந்தாலும் இதே கதி. சொந்தக்காரர் நடுவே புகழலாமா என்று அவளிடமே கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது தண்டனை.

தினம் பற்றி ஒரு வரி. மகள்கள் தினம் என்று செப்ரெம்பர் நான்காம் ஞாயிறைப் பிடித்திருப்பது இந்தியப் பழக்கம். ஐ.நா.வின் சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம் ஒக்டோபர் 11, 2012 முதல். எதை வைத்தாலும் சரி.

ஆனால் 'மகன் மாதிரி' என்று எழுத்தில் போட்டுவிட்டீர்கள், ஆகவே சட்டத்தின் எழுத்திலேயே பார்த்துவிடுவோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்தில், முதுசொம் என்கிற பரம்பரைச் சொத்து மகன்மார் பக்கம், சீதனம் மகள்மார் பக்கம். வீடு மகளுக்குத்தானே போகிறது என்பீர்கள். போகிறது, மாப்பிள்ளை வரும் அன்றைக்கு, மாப்பிள்ளை கேட்டபடியால். நீங்கள் அவளைப் பாராட்டித்தான் கொடுப்பதென்றால் கலியாணப் பேச்சுத் தொடங்க முன்பே நன்கொடை உறுதி எழுதுங்கள். நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், உறுதியிலேயே மகள் ஏற்றுக்கொண்டதாக ஒப்பம். உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப் பாசம் வேறு, கூரை வேறு. எழுதிய உறுதியை அலுமாரியில் பூட்டிவிட்டுப் பதியாமல் இருப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. காணிப் பதிவகத்தில் பின்னால் வந்த உறுதி முந்திப் பதியப்பட்டால் உங்களுடையது பின்னுக்குப் போய்விடக்கூடும்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட பெண் கலியாணம் கட்டிய பிறகு, தன் சொந்தக் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 6 ஆம் பிரிவு. நகையை விற்க அவர் சம்மதம் தேவையில்லை, மரணசாதனம் (உயில்) எழுதவும் தேவையில்லை, காணிக்கு மட்டும் அவர் ஒப்பம். காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். மகனுடைய சொந்தக் காணிக்கு மனைவியின் ஒப்பத்தை அந்தப் பிரிவு கேட்கவில்லை. 'மாதிரி' எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தீர்களா? இருபது வயதில் கையெழுத்துத் தன்னுடையதாக இருக்கும்போதே அவள் இதைத் தெரிந்திருக்கட்டும்.

கேக் வேண்டாம் என்றீர்கள். எதற்கு வேண்டாம்? கேக் என்ன பாவம் செய்தது? பட்டர் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் வனிலா. பட்டரையும் சீனியையும் வெளுத்துப் பொங்கும் வரை அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் கேக் கட்டியாக இறுகும். முட்டையை ஒவ்வொன்றாக விடாவிட்டால் திரையும். மா போட்ட பிறகு அடிக்கக்கூடாது, அகப்பையால் மெல்லப் புரட்டினால் போதும். இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டும் ஐயா. மகளைக் கூப்பிட்டு "மோனை, அந்த முட்டையை ஒருக்கா உடைச்சுத் தா" என்று தொடங்கினீர்களோ, கடைசியில் சட்டி கழுவுவதும் அவளாகத்தான் இருக்கும்.