எட்டுப் பேர் சொன்ன ‘வேண்டாம்’

கேள்வி: அணு ஆயுதம் பற்றிய முடிவுகளை அரசியல்வாதிகளே எடுத்தார்கள். அமெரிக்க அரசு அன்றே விஞ்ஞானிகளைக் கலந்து பேசியிருந்தால் உலகம் தப்பியிருக்காதா?

பதில்: பேசாமல் என்ன! 1945-இல் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தலைமையில் அணுகுண்டு விஷயத்தை ஆராய ஒரு குழுவே போட்டார்கள். அதற்கு யோசனை சொல்ல ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், ஆர்தர் காம்ப்டன் என்று நான்கு விஞ்ஞானிகள். ஆளில்லாத இடத்தில் குண்டை வெடித்துக் காட்டினால் போதாதா என்று ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் சிலர் மன்றாடினார்கள். ஜூன் 16 அன்று நால்வரும் எழுதிக்கொடுத்தது: நேரடியாகப் போரில் பயன்படுத்துவதைத் தவிர ஏற்கத்தக்க வேறு வழி தெரியவில்லை. அரசியல், ராணுவ விஷயங்களில் தங்களுக்குத் தனித் தகுதி இல்லை என்றும் அதே அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். நல்ல முன்ஜாக்கிரதை!

அப்புறம் 1949. ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்ததும், அதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த ஹைட்ரஜன் குண்டில் அமெரிக்கா முழுமூச்சாக இறங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அணுசக்தி ஆணையத்தின் பொது ஆலோசனைக் குழு அக்டோபர் கடைசியில் கூடியது. தலைவர் ஓப்பன்ஹைமர். வந்திருந்த எட்டுப் பேரும் வேண்டாம் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் இது தீய பொருள் என்று குழுவில் இருந்த ஃபெர்மியும் இயற்பியலாளர் ராபியும் தனிக் குறிப்பே எழுதினார்கள். அதற்காக அவர்களைப் புத்தர்களாக்கிவிடாதீர்கள். சாதாரண அணுகுண்டு உற்பத்தியைப் பெருக்கச் சொன்னதும், போர்க்களத்தில் பயன்படும் குண்டுகளை உருவாக்கச் சொன்னதும் இதே குழுதான்.

ஜனாதிபதி ட்ரூமன் என்ன செய்தார்? மூன்று பேர் கொண்ட இன்னொரு குழுவைப் போட்டார். 1950 ஜனவரி 31 அன்று அவர்களோடு அவர் பேசியது சுமார் ஏழு நிமிடம். மூவரில் ஒருவரான அணுசக்தி ஆணையத் தலைவர் லிலியந்தால் தன் மறுப்பைச் சொல்லி முடிப்பதற்குள் ட்ரூமன் குறுக்கிட்டுவிட்டார். ஹைட்ரஜன் குண்டு வேலை தொடரும் என்று அன்றே அறிவிப்பு வந்தது. 1952 நவம்பரில் பசிபிக் பவளத்தீவு ஒன்றில் சோதனைக்காக வெடித்த ‘மைக்’ என்ற ஹைட்ரஜன் குண்டின் சக்தி 10.4 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு.

ஆக, ‘சரி’ என்ற ஆலோசனைக்கு மரியாதை இருந்தது. ‘வேண்டாம்’ என்றதற்குக் கிடைத்தது 1954 விசாரணை. ஹைட்ரஜன் குண்டை எதிர்த்ததும் ஓப்பன்ஹைமர் மேல் ஒரு குற்றச்சாட்டாகவே வந்தது. அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியைப் பறித்தார்கள். அந்த முடிவு செல்லாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது 2022-இல். அவர் இறந்தது 1967-இல்.