ஷெல் மட்டும் மாற்றினால் போதுமா?

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் விளக்கு மினுங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடியில் ‘டக் டக்’ சத்தம், மெக்கானிக் ராட் பேரிங் ஷெல்லை (பிஸ்டனின் ராட் கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடு) மட்டும் மாற்றலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வண்டியை நிறுத்திவிடுங்கள். ராட் உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும்.

ஷெல் மட்டும் போதுமா என்பதை கிராங்க் ஜர்னல்தான், அதாவது கிராங்க்ஷாஃப்டில் ராட் பிடிக்கும் உருண்டைப் பகுதிதான் சொல்லும். சம்பையும் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ராட் கேப்பையும் (ராட்டின் கீழ்ப்பாதி மூடி) கழற்றி, ஜர்னலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கிராங்கை வெளியே எடுத்து அரைத்தாக வேண்டும். வழவழப்பாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் குலைந்திருந்தால் புது ஷெல்லும் நிற்காது. அரைப்பதற்கு முன்பே 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் (அரைத்துச் சிறுத்த ஜர்னலுக்கான தடித்த ஷெல்) கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில எஞ்சின்களின் கிராங்கை அரைக்கவே கூடாது, சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

அப்புறம், எனக்கு இதைவிடக் கவலை தருவது காரணம்தான். பேரிங் பெரும்பாலும் ஆயில் பட்டினியாலோ அழுக்காலோதான் போகிறது. ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள வடிகட்டி வலை) இரண்டையும் சோதியுங்கள். தேய்ந்த உலோகத் தூள் கிராங்கின் உள்துளைகளிலும் பிளாக்கின் ஆயில் வழிகளிலும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் பூட்டினால் புது ஷெல்லையும் அதுவே அரித்துவிடும். ஆயில் கூலர் இருந்தால் மாற்றுவது நல்லது, உள்ளே முழுதாகச் சுத்தம் செய்வது கடினம்.

கேப்கள் இடம் மாறக்கூடாது. பூட்டும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் உள்ள இடைவெளியை மேனுவலோடு ஒப்பிடுங்கள்.