எந்த முகவரியில் அனுப்பினாலும் என் ஜிமெயில்தான் போகிறது!

கேள்வி: நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் சொந்த ஜிமெயில், அலுவலகத்தின் சொந்த டொமைன் முகவரி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஜிமெயில் மூன்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில்தான் பார்க்கிறேன். மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஆனால் அலுவலக முகவரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அந்தப் பக்கம் என் சொந்த ஜிமெயில் முகவரிதான் தெரிகிறது. சென்ட் ஃபோல்டரில் பார்த்தால் அலுவலக முகவரி சரியாகவே இருக்கிறது. ஒரு கிளையன்ட், "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று போன் போட்டே கேட்டுவிட்டார்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கிளையன்டின் கணக்கு வழக்கு போகிற மெயில் என்பதால் இதை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். மெயிலை வாங்குவது ஒரு சர்வர், அனுப்புவது வேறு சர்வர். தண்டர்பேர்ட் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. உங்கள் மூன்று கணக்குகளும் தனித்தனி இடத்திலிருந்து மெயிலை எடுத்துக்கொண்டு, அனுப்பும்போது மட்டும் உங்கள் சொந்த ஜிமெயிலின் எஸ்.எம்.டி.பி. (மெயிலை அனுப்பும் சர்வர்) வழியாகப் போகின்றன என்று நினைக்கிறேன். உள்ளே நுழைந்த கணக்குக்குச் சொந்தமில்லாத முகவரி அனுப்புநர் இடத்தில் இருந்தால் ஜிமெயில் அதை எடுத்துவிட்டு அந்தக் கணக்கின் முகவரியையே போட்டுவிடும். சென்ட் ஃபோல்டரில் இருப்பது தண்டர்பேர்ட் தானே எடுத்து வைத்த நகல், அதனால்தான் அதில் மாற்றம் தெரியவில்லை.

சந்தேகம் இருந்தால் பிரவுசரில் உங்கள் சொந்த ஜிமெயிலைத் திறந்து அங்கே சென்ட் பகுதியைப் பாருங்கள். தன் வழியாகப் போகிற மெயிலுக்கு ஜிமெயில் அங்கே ஒரு நகல் வைக்கும், அலுவலக மெயில்கள் அங்கே கிடந்தால் விஷயம் உறுதி.

சரி, இனி வேலை. தண்டர்பேர்டின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் அவுட்கோயிங் சர்வர் என்று இருக்கும். அங்கே அலுவலகத்துக்கு ஒன்று புதிதாகச் சேருங்கள்: சர்வர் பெயரை உங்கள் டொமைனைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு வாங்குங்கள், போர்ட் பெரும்பாலும் 587 (ஸ்டார்ட் டி.எல்.எஸ்.) அல்லது 465 (எஸ்.எஸ்.எல்.), யூசர் நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரியாக இருக்கும். சங்கத்துக்கும் தனியாக ஒன்று வேண்டும். சர்வர் அதே smtp என்று தொடங்கும் ஜிமெயில் சர்வர்தானே என்று விட்டுவிடாதீர்கள், யூசர் நேம் வேறு. அதற்கு நுழையும் முறையாக ஓ-ஆத்2 (கூகுளின் லாகின் ஜன்னல் வழியாக நுழைவது) தேர்ந்தெடுங்கள், வெறும் பாஸ்வேர்டை வைத்து நுழைவதைக் கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. லாகின் ஜன்னல் திறக்கும்போது பழக்கத்தில் உங்கள் சொந்த முகவரியைக் கொடுத்துவிடாமல் சங்கத்தின் முகவரியைக் கொடுங்கள். ஜன்னல் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீஸ் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: சர்வரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு கணக்கின் பெயரையும் கிளிக் செய்து, அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் அவுட்கோயிங் சர்வர் பெட்டியில் அதற்குரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலக முகவரியைத் தனிக் கணக்காக இல்லாமல் ஐடென்டிட்டியாக (ஒரு கணக்குக்குள்ளேயே இன்னொரு அனுப்புநர் முகவரியாக) சேர்த்திருந்தால், மேனேஜ் ஐடென்டிட்டிஸ் உள்ளே போய் அங்கேயும் மாற்றுங்கள்.

முடித்ததும் மூன்று கணக்குகளிலிருந்தும் வீட்டில் வேறு யாருடைய முகவரிக்காவது ஒவ்வொரு மெயில் அனுப்பி, அவர்களுடைய போனில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். உங்கள் சென்ட் ஃபோல்டரை நம்ப வேண்டாம்.