எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்காதீர்கள்

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம். என் தம்பி ராணுவத்தில், படைகளுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி டிரைவர். பன்னிரண்டு வருட சர்வீஸ். போன மாதம் லீவில் வந்திருந்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பையன்கள் எல்லோரும் ஒரு மிலிட்டரிப் படம் பார்த்துவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டு, "எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நான் யாரையும் சுட்டதில்லை. லடாக்குக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏத்திட்டுப் போறேன்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அப்போ அங்கேயும் லோடு வண்டிதானா?" என்று ஒரு பெரியவரே கேட்டார். அதற்குப் பிறகு அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான். பிளஸ் டூ படிக்கும் என் மகனோ, "நான் கமாண்டோ ஆவேன், மாமா மாதிரி டிரைவர் ஆக மாட்டேன்" என்கிறான். இரண்டு பேரிடமும் நான் என்ன பேசுவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொன்ன பதிலை அந்தக் கூட்டத்தில் யாருமே காதில் வாங்கவில்லை. அரிசி, மண்ணெண்ணெய் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டையும் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குப் போகும் சாலையில் ஜோஜி லா என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 11,500 அடிக்கு மேல். நம் தொட்டபெட்டா சிகரமே சுமார் 8,650 அடிதான். ஜோஜி லாவைத் தாண்டினால் ஃபோட்டு லா என்ற இன்னொரு கணவாய், 13,000 அடிக்கும் மேல். குளிர்காலத்தில் இந்தச் சாலை பனியால் மூடிப்போகும். அதனால் மேலே இருக்கும் வீரர்களுக்குக் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய அரிசி, பருப்பு, எரிபொருள், மருந்து, கூடாரம், வெடிபொருள் அத்தனையும் சாலை திறந்திருக்கும் மாதங்களிலேயே மேலே போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ராணுவம் இதைப் பெரிய திட்டம் போட்டுச் செய்கிறது. கான்வாய் கான்வாயாக வண்டிகள் ஏறிக்கொண்டே இருக்கும். சரிவில் மண் வழுக்கும், கல் உருளும், மூச்சு வாங்கும். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டியை இறக்குவது எப்படிப்பட்ட வேலை என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நம்மவர்களே சிரித்தார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

மண்ணெண்ணெய்க்கும் வருகிறேன். அங்கே கூடாரத்தைச் சூடாக வைத்திருப்பது அதுதான். பனிக்கட்டியை உருக்கிக் குடிதண்ணீர் ஆக்குவதும் அதுதான். குளிரில் சாதாரண டீசலே உறைந்துபோகும் இடம் அது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கென்றே கொண்டுவந்தது. அந்தக் குளிரில் ஒரு டேங்கர் வந்து சேராவிட்டால் மேலே இருப்பவர்கள் எப்படி உயிர் பிழைப்பார்கள்? நாளைக்கு உங்கள் மகன் கமாண்டோவே ஆனாலும், அவன் சாப்பிடும் சோற்றை ஏதோ ஒரு டிரைவர்தான் மலை ஏற்றிக் கொண்டுபோயிருப்பார்.

2020 ஜூன் 15ஆம் தேதி இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அந்த மோதலில் துப்பாக்கியால் சுடவே இல்லை. அதன் பிறகு கிழக்கு லடாக்கில் ஆயிரக்கணக்கான வீரர்களைக் கூடுதலாக நிறுத்தினார்கள். அத்தனை பேரும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமே! அந்தச் சுமை முழுவதும் வண்டிகளிலும் விமானங்களிலும்தான் மேலே போனது. உங்கள் தம்பி அப்போதும் சர்வீஸில் இருந்திருப்பார். அந்த வருஷம் அவர் எங்கே இருந்தார் என்று வீட்டில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெலிங்டன் நமக்கு எவ்வளவு பக்கம்! 1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் பஸ்ஸில் போகும்போது அந்தப் பையன்கள் மைதானத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நாம் வளர்ந்தோம். அந்த ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன் 2016இல் லடாக்கின் வடக்கே சியாச்சின் பனிமலையில் இருந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி, 19,000 அடிக்கு மேல் இருந்த சோனம் என்ற ராணுவக் காவல் சாவடியின்மீது பனிச்சரிவு விழுந்தது. அங்கே இருந்த பத்துப் பேரும் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் மருத்துவ உதவியாளர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு தோட்டாகூடப் பாயவில்லை. 1984 முதல் சியாச்சினில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் உயரத்துக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள்தான் அதிகம்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உயிரோடு திரும்பி ஒரு கல்யாண வீட்டுக்கு வந்திருந்தால், அவரிடமும் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அவருக்கும் சொல்ல எண்ணிக்கை எதுவும் இருந்திருக்காது.

படங்கள் எப்படி நம் பார்வையைக் கெடுத்தன என்று யோசித்துப் பாருங்கள். நம் சினிமாவில் பட்டாளத்துக்காரர் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர், லீவில் வந்து கேண்டீன் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்காத சண்டையை அளக்கும் கோமாளி. இன்னொருவர், தனி ஆளாக நூறு பேரை வீழ்த்திவிட்டு, ஊருக்குத் திரும்பி உள்ளூர் வில்லனையும் அடித்து நொறுக்குகிறவர். இந்த இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். டிரைவர், சமையல்காரர், மெக்கானிக், சிக்னல்காரர், கிளார்க், பாலம் கட்டும் சாப்பர், கோவேறு கழுதையைப் பராமரிப்பவர். இவர்களுக்குத் திரையில் முகமே கிடையாது. துப்பாக்கி பிடிக்கும் காலாட்படை வீரர்கூடத் தன் சர்வீஸில் பெரும்பகுதியைக் காவல் நிற்பதிலும் பயிற்சியிலும் பாதை திருத்துவதிலும்தான் கழிக்கிறார். இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் நினைக்கிறார். அவர் கணக்கு அது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் தம்பியை அளந்தது நம் கணக்கு.

படத்தில் ஹீரோ மேலதிகாரியின் உத்தரவை மீறித்தானே ஜெயிக்கிறான், கைதட்டல் அங்கேதானே வருகிறது? நிஜத்தில் மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறுவது 1950ஆம் வருஷ ராணுவச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி குற்றம். கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்ற விசாரணை வரை போகும். "அங்கேயே நில்" என்றால், தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தாலும், மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து பட்டாளத்து வேலையில் மிகக் கடினமானது இதுதான். இதைத் திரையில் காட்டுவது சுலபமில்லை.

அரசாங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் ராணுவமே ஹாலிவுட் படங்களுக்குக் கப்பலும் விமானமும் கொடுக்கிறது. பதிலுக்குத் திரைக்கதையைப் படித்துத் திருத்தம் சொல்லும் உரிமை அதற்குக் கிடைக்கிறது. பல பத்தாண்டுகளாக நடக்கும் ஏற்பாடு இது. நம் பாதுகாப்பு அமைச்சகம் 2020இல், ராணுவம் பற்றிய படங்களையும் வெப் தொடர்களையும் ஒளிபரப்பும் முன் தடையில்லாச் சான்று வாங்கச் சொல்லித் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. ராணுவத்தின் பெயர் கெடக் கூடாது என்ற கவலை நியாயம்தான். ஆனால் மிகையான வீரமும் ஒரு பொய்தான். அதன் சுமையை உங்கள் தம்பி போன்றவர்கள்தான் சுமக்கிறார்கள். போர் என்றால் பாட்டோடு வந்து பத்து நிமிடத்தில் முடிவது என்று பழகிய மனசு, நிஜமாக எல்லையில் பதற்றம் வரும்போது "அடிச்சுடலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறது. அங்கே போகப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்று அப்போது யோசிப்பதில்லை.

சரி, தம்பியிடம் வருவோம்.

இன்றைக்கோ நாளைக்கோ அவருக்கு போன் செய்யுங்கள். "பசங்க விளையாட்டுக்குச் சிரிச்சாங்க, மனசுல வெச்சுக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்கு இன்னொரு முறை வலிக்கும். "அன்னைக்கு நான் அங்கே இருந்தும் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். அப்புறம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். வண்டி ரிப்பேர் ஆனால் பாதி வழியில் என்ன செய்வீர்கள்? ராத்திரி எங்கே தங்குவீர்கள்? கூட இருப்பவர்கள் எந்த ஊர், அவர்களோடு என்ன மொழி பேசுவாய்? லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல் கூடத்தில், நம் ஊர்ச் சாப்பாடு என்றைக்காவது கிடைக்குமா? இதற்கெல்லாம் அவரிடம் நிறையப் பதில் இருக்கும். வண்டி இப்போது எங்கே நிற்கிறது, எத்தனை வண்டி போகிறது, எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். அவர் சொல்லக் கூடாது. 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களின் போனிலிருந்து 89 செயலிகளை நீக்கச் சொன்னது. முகநூலும் இன்ஸ்டாகிராமும் அதில் அடக்கம். அவ்வளவு கட்டுப்பாட்டில் இருப்பவர் ஊரில் வந்து கதை சொல்ல முடியாமல் இருப்பது இயல்புதான். அந்த மௌனத்தைத்தான் நம் பையன்கள் சினிமாவை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

அந்தப் பெரியவரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். பையன்களைவிட அவர் சிரித்ததுதான் தம்பியை அதிகம் குத்தியிருக்கும். அவரே ஒரு போன் செய்தால் நல்லது. நம் மலையில் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து பேசினால் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். பேச்சுக் குறைவு தொடர்ந்தால், தூக்கம் போனால், குடி கூடினால், யூனிட்டில் இருக்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்குப் போவது போல இதற்கும் போகலாம்.

மகனைத் திட்ட வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். பட்டாளம் நல்ல வேலை. ஆனால் எதில் சேரப்போகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு சிப்பாயாகச் சேருகிறவருக்கு முதலில் நான்கு வருஷம்தான். அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பது அறிவிப்பு. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருஷம் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்படும், அரசும் அதே அளவு போடும். நான்கு வருஷம் முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும். பென்ஷன் கிடையாது. மாமாவுக்கு இருக்கும் வேலை உறுதி இவனுக்கு இருக்காது. அதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கமாண்டோ ஆசைக்கும் வழி இருக்கிறது. ராணுவத்தின் கமாண்டோ பிரிவான பாரா சிறப்புப் படைக்குத் தாமாக முன்வருகிறவர்களுக்குக் கடுமையான தகுதிகாண் காலம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் தேறுவதில்லை. தேறாதவரும் நல்ல வீரர்தான், அவருக்கும் பட்டாளத்தில் வேலை காத்திருக்கிறது. அது டிரைவர் வேலையாகவும் இருக்கலாம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதினால் அதிகாரியாகவும் போகலாம். அதற்கான பயிற்சி அகாடமி ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. எனக்கு அந்த வழிதான் இவனுக்கு நல்லது என்று தோன்றுகிறது, படிப்பும் கையில் இருக்கும்.

இப்போதே சிப்பாயாகச் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், முதலில் கணினியில் எழுதும் பொது நுழைவுத் தேர்வு. 2023 முதல் அதில் தேறியவர்களைத்தான் ஓட்டத்துக்கே கூப்பிடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. இதற்கெல்லாம் எப்படித் தயாராவது என்று அவன் மாமாவிடமே போன் செய்து கேட்கட்டும். நீங்கள் நடுவில் நின்று பேசிக்கொடுக்க வேண்டாம், மன்னிப்புக் கேள் என்று அவனைத் தள்ளவும் வேண்டாம். பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்ததும் ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள், ஆள்சேர்ப்பு எப்போது என்று அங்கே விசாரிக்கலாம்.